தோரிக்கா சரி என்று சொல்லவில்லை

இமுசாலி
9 மார்ச் 1971

தம்பி யோத்தாமுக்கு,

உன் வயிறு இப்போது எப்படி? மொம்பாசாத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். பத்து வருடமாக ஒத்துக்கொள்ளாத தண்ணீரை அங்கேயே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறாயே, அதுதான் ஆச்சரியம். இங்கே மழை பிடித்துவிட்டது. மக்காச்சோளம் விதைத்தாயிற்று. விதைப்பு முடிகிற வரை பொறுத்திருந்து பிறகுதான் என் இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. அந்த மட்டில் அது நல்ல இடுப்பு.

ஒரு பெரிய செய்தி. உன் அத்தான் நம் நண்பர்கள் திருச்சபையில் முழு அங்கத்தினர் ஆகப் போகிறார். சபைச் சட்டம் உனக்குத் தெரியும். இரண்டு மனைவி உள்ளவன் வந்து பாடலாம், காணிக்கை போடலாம், கூரைக்குத் தகரம்கூட வாங்கித் தரலாம். அங்கத்தினன் ஆக முடியாது. அதனால் இளையவள் பெலிசியை அவள் அப்பா வீட்டுக்கு, புன்யோரேவுக்கு அனுப்பிவிடுவதாக முடிவாகியிருக்கிறது. கைக்குழந்தை அவளோடு போகும். மூத்தவை இரண்டும் வழக்கப்படி அப்பாவுடையவை. என்னிடம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாதக் கூட்டத்தில் இது வந்தது. சபை எழுத்தர் திமோனா கிசியா விஷயத்தைப் படித்துவிட்டு, எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டு, மௌனத்துக்கு விட்டார். நம் கூட்டத்தில் கை தூக்கி எண்ணுவது இல்லையே. ஒருவருக்கு உள்ளே ஒப்பவில்லை என்றாலும் எழுத்தர் பேனாவைத் திறக்கக் கூடாது. பெண்கள் பக்கம் முழுக்க என்னையே பார்த்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு அவர் "ஒருமனம்" என்று எழுதி நோட்டை மூடினார்.

உன் மனைவி ராசோவா வியாழக்கிழமை சந்தைக்கு வந்தவள், உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். அவளுக்கென்று நீ எழுதியிருந்த நாலு வரியை எட்டு வரியாக்கிப் படித்தேன். ஏப்ரலில் வருகிறாயா என்று கேட்கிறாள். அது இருக்கட்டும், உறை மேல் முகவரி எழுதியது யார்? உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இது உருண்டையாக, அழகாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா
தோரிக்கா


மொம்பாசா
26 மார்ச் 1971

அன்பு அக்காவுக்கு,

வயிறு பரவாயில்லை. உன் இடுப்புக்கு வேப்பெண்ணெய் தடவு. பெண்களை விட்டுத் தேய்க்கச் சொல்லாதே, அவர்கள் பேச்சில் இடுப்பை மறந்துவிடுவார்கள்.

கடிதத்தைப் படித்ததும் மேஜையைத் தட்டிவிட்டேன். துறைமுக அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பதினான்கு வருடம் அக்கா! உனக்கு ஆண் குழந்தை இல்லை என்று அத்தான் அவளைக் கொண்டுவந்து வைத்த அன்று நீ என் வீட்டு வாழைத்தோப்பில் உட்கார்ந்து அழுதது எனக்கு மறக்கவில்லை. அவளைக் கொண்டுபோய்விடு என்று நீ ஜெபித்ததும் எனக்குத் தெரியும். இப்போது கேட்காமலே கதவு திறந்திருக்கிறது. இனி ஒரே அடுப்பு, ஒரே எஜமானி. கோழிக் குழம்பு வைத்தால் பங்கு போட வேண்டியதில்லை.

ஏப்ரலில் வர முடியாது. கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. ராசோவாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. உறையில் எழுதியது அலுவலகத் தோழர் ஒருவர்.

அத்தானுக்கு என் வாழ்த்து.
யோத்தாம்


இமுசாலி
12 ஏப்ரல் 1971

தம்பி யோத்தாமுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

பெலிசி போன செவ்வாய்க்கிழமை போனாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. சட்டிகளைத் தேய்த்துக் கவிழ்த்துவைத்தாள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டாள். மூத்தவள் இமாலிக்கு எந்தக் கீரை ஒத்துக்காது, சின்னவன் படுக்கையை நனைக்காமல் இருக்க எந்த நேரத்தில் எழுப்ப வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். கணக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். கடைசியில் மட்டும், "அக்கா, மறந்துட மாட்டீங்களே?" என்றாள். உன் அத்தான் அந்த நேரம் பார்த்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து இமாலி பாதையைப் பார்த்த கல் மேல் உட்கார்ந்திருக்கிறாள். உகாலிக் களியை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது, நீ சொன்னது சரி. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்று நடந்தது, அதை உனக்கு எழுதவில்லை. திமோனா சம்மதமா என்று கேட்டபோது "சரி" என்ற சொல்லை வாயில் தயாராக வைத்திருந்தேன். அதை எங்கிருந்து சொல்வது என்று உள்ளே தேடினேன். இடம் இல்லை யோத்தாம். இருட்டில் படி இருக்கிறது என்று காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போன மாதிரி. அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. பயமாக இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். நான் அதிலிருந்து வெளியே வந்தபோது திமோனா எழுதி முடித்திருந்தார்.

நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. மௌனமாய் இருப்பதுதான் ஜெபம் என்று நம்புகிறோம், ஆனால் ஒரு பெண் மௌனமாக இருந்தால் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம்.

ராசோவாவிடம் கப்பல்கள் வரிசையாக நிற்பதைச் சொன்னேன். எத்தனை கப்பல் என்று கேட்டாள்.

தோரிக்கா


மொம்பாசா
4 மே 1971

அக்காவுக்கு,

உன் உடம்பு நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. புத்தி நலமா என்று முதலில் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

எழுதியது எழுதியதுதான், விட்டுவிடு. நீ வாயைத் திறந்தால் அத்தான் முகத்தில் கரி. ஊரெல்லாம் உன்னைப் பார்த்துச் சிரிக்கும்: சக்களத்தி போய்விட்டாள் என்று ஏங்குகிற முதல் மனைவியை யாராவது பார்த்திருக்கிறார்களா? உள்ளே ஏதோ தோன்றியது என்கிறாய். அன்று காலையில் சாப்பிடாமல் போயிருப்பாய். சட்டம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது அக்கா? ஒருவனுக்கு ஒரு மனைவி. ஆளுக்கு ஆள் உள்ளே தோன்றியதைப் பேச ஆரம்பித்தால் சபை என்னத்துக்கு?

குழந்தைகள் பழகிவிடும். குழந்தைகள் எதற்கும் பழகிவிடும்.

எனக்கு வேலை அதிகம். ராசோவாவுக்கு என் விசாரிப்பு.
யோத்தாம்


இமுசாலி
18 மே 1971

தம்பிக்கு,

புத்தி நலம். காலையில் தேநீரும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன், நேற்று முன்தினமும் அப்படித்தான் போனேன். ஞாயிறு மாதக் கூட்டம்.

பாட்டும் பிரசங்கமும் முடிந்து அலுவல் தொடங்கியதும் எழுந்து நின்றேன். மார்ச் மாதம் எழுதிய தீர்மானத்தில் நான் சேரவில்லை என்று சொன்னேன். திமோனா கண்ணாடியைக் கழற்றினார்.

"தோரிக்கா, அன்னைக்கு நீ பேசாம இருந்தியே?"

"பேசாம இருந்தேன். சரின்னு சொல்லலையே."

"இதனால உனக்குத்தானே நல்லது?"

"எனக்கு நல்லதான்னு நீங்க கேக்கலை. உள்ள ஒப்புதான்னு கேட்டீங்க. ஒப்பலை."

ஆண்கள் பக்கம் சலசலப்பு. யாரோ, இவளுக்குப் புருஷன் அங்கத்தினர் ஆவது பொறுக்கவில்லை என்றார். உன் அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திமோனா அடுத்த மாதம் வரை காத்திருப்போம் என்று நோட்டை மூடினார். அவர் என்னை அதட்டியிருக்கலாம், அவருக்கு அந்த அதிகாரம் உண்டு. அதட்டவில்லை. நோட்டில் தன் கையால் தப்பாக எழுதிவிட்டோமோ என்ற கவலைதான் அவர் முகத்தில் இருந்தது. நல்ல மனிதர்.

உன் அத்தான் என்னோடு பேசுவதில்லை. நேற்று கோழி அடித்தேன். இரைப்பை வீட்டு ஆண்மகனுக்கு உரியது, அவர் தட்டில்தான் வைத்தேன். தொடவில்லை. இரைப்பையைத் தொடாத அளவுக்குக் கோபத்தை இந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

இமாலி என் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். தூக்கத்தில் என் கையைப் பிடித்து, விழித்ததும் யார் கை என்று பார்த்துவிட்டு விட்டுவிடுகிறாள்.

ஊரில் என்ன சிரிக்கிறார்கள் என்று கவலைப்படாதே. சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

உன் அக்கா
தோரிக்கா


இமுசாலி
23 ஜூன் 1971

யோத்தாமுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. உடம்பு சுகம்தானே? சுகமில்லை என்றால் அந்த உருண்டை எழுத்துத் தோழரையாவது ஒரு வரி எழுதச் சொல்.

இந்த மாதக் கூட்டத்துக்கு உட்கார இடம் இல்லை. வேடிக்கை பார்க்க அடுத்த மேட்டிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். திமோனா எடுத்த எடுப்பில் என்னிடம், உள்ளே என்ன கேட்டது என்று சபைக்குச் சொல்லும்படி சொன்னார். கேட்டது ஒன்றும் இல்லை, குரல் எதுவும் வரவில்லை என்றேன். பிறகு, உனக்குக்கூட எழுத முடியாததை அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொன்னேனோ, சொன்னேன்.

"பதினாலு வருஷமா உள்ள போயி அவளைப் பத்திப் புகார் சொல்வேன். சொல்லி முடிச்சதும் எந்திரிச்சு வந்துருவேன். மார்ச் மாசம்தான் முதல் தடவையா, சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம உக்காந்திருந்தேன். எப்பவும் யார்கிட்ட புகார் சொன்னேனோ, அவர் இருக்கார்னு அப்பதான் தெரிஞ்சுது. நம்புறது வேற, தெரியிறது வேற. உள்ளயே பக்கத்துல பாத்தேன். பெலிசி எனக்கு முன்னாடியே அங்க வந்து உக்காந்திருந்தா. அவளை அங்கேருந்து எந்திரிச்சுப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டேன். யாரும் பேசவில்லை. நம் சபையில் மௌனம் என்றால் பத்து நிமிடம், அதற்குள் யாராவது இருமி, யாராவது பாட்டை எடுத்துவிடுவார்கள். அன்று பாட்டு எடுக்க ஆள் இல்லை. கைக்குழந்தைகள்கூடச் சும்மா இருந்தன. வெயில் ஜன்னலிலிருந்து நகர்ந்து ஆண்கள் பெஞ்சுக்குப் போய்விட்டது. என்னைப் பொறாமைக்காரி என்று போன மாதம் சொன்ன ஆள் குனிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் ஒரே தண்ணீரில் இறங்கி நின்ற மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். திமோனா நோட்டைத் திறந்து, மார்ச் மாதப் பக்கத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, குறுக்கே கோடு போட்டார். கீழே எழுதிப் படித்தார்: "நாம் காத்திருக்கவில்லை. நமக்கு முன் எழுதிவிட்டோம். பெலிசியை அனுப்பச் சொன்னது இந்தச் சபையின் தவறு."

உன் அத்தான் அங்கத்தினர் ஆகவில்லை. சட்டம் அப்படியே இருக்கிறது. அவரும் கடைசி பெஞ்சில் அப்படியே இருக்கிறார். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு முன்னால் நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "அவ போன அன்னைக்கு எனக்கும் ஒப்பலை. சபை சொல்லிடுச்சேன்னு நான் உள்ள போயி பாக்கவே இல்லை."

முப்பது வருடத்தில் அவர் என்னிடம் சொன்னதிலேயே நீளமான பேச்சு இதுதான்.

எழுது.
தோரிக்கா


மொம்பாசா
20 ஜூலை 1971

என் அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன், பதில் எழுதாதது உடம்பால் அல்ல. மே மாதம் நான் எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. போடாமல் வைத்திருப்பாய், எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். நம் பக்கத்து ஆட்கள் சிலர் இங்கே சாங்காம்வேயில் ஒரு வாடகை அறையில் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள். அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். சுங்க அலுவலகத்தில் வேலை செய்கிற ஒருவர், தலை நரைத்தவர், இன்னொரு முறை படி என்றார். படித்தேன். இது என் அக்கா என்று சொன்னேன். அவ்வளவு பெருமையாக நான் எதையும் சொன்னதில்லை. சின்ன வயதில் உன் முதுகில் என்னைச் சுமந்தாய் என்பதைக்கூட இத்தனை நாள் ஒரு சங்கதியாக நினைத்ததில்லை.

படித்து முடித்ததும் மௌனமாக உட்கார்ந்தோம். என்னால் முடியவில்லை. இரண்டு நிமிடத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். வெக்கை அதிகம், அதனால்தான்.

அடுத்த முறை விவரமாக எழுதுகிறேன்.
யோத்தாம்


இமுசாலி
10 ஆகஸ்ட் 1971

தம்பி யோத்தாமுக்கு,

வெக்கை குறைந்ததா? நாங்கள் புது மக்காச்சோளம் சுட்டுத் தின்கிறோம். உனக்கும் ஒரு மூட்டை அனுப்பலாம் என்றால், சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

பெலிசியைக் கூட்டி வந்துவிட்டேன். உன் அத்தானை அனுப்பாமல் நானே நடந்து போனேன், இமாலியையும் அழைத்துக்கொண்டு. புன்யோரேப் பாறைகளுக்கு நடுவே அவள் அப்பா வீடு. என்னைக் கண்டதும் அவள் அம்மா உட்கார நாற்காலி போடவில்லை. சரிதான் என்று நின்றேன். பெலிசி வந்து, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். இமாலிக்கு எந்தக் கீரை ஒத்துக்காது என்று மறந்துவிட்டது என்றேன். உண்மையிலேயே மறந்துவிட்டது. அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல மாட்டேன். உடனே கிளம்பவும் இல்லை. மூன்று நாள் யோசித்தாள், அவளுக்கும் உள்ளே ஒப்ப வேண்டுமே. மூன்று நாளும் அவர்கள் வீட்டுக் களையைப் பிடுங்கினேன். நாலாம் நாள் காலையில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வந்து முன்னால் நடந்தாள்.

இன்னொன்று. எங்களுக்குள் தேன் ஓடுகிறது என்று நினைத்துவிடாதே. நேற்றுகூட உப்புக்காகச் சண்டை போட்டோம். ஆனால் சண்டை போடும்போது அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்பது ஞாபகம் வந்துவிடுகிறது. பிறகு முழுதாகக் கத்த முடிவதில்லை.

பெலிசி நாலாம் வகுப்பு வரை படித்தவள். ராசோவா அதைக் கேட்டதிலிருந்து சந்தைக்கு வருகிற வியாழக்கிழமைகளில் இங்கேயே உட்கார்ந்துவிடுகிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

உன் அக்கா
தோரிக்கா


மொம்பாசா
14 நவம்பர் 1971

அக்காவுக்கு,

நீ சுகமா, உன் இடுப்பு சுகமா, பெலிசியும் குழந்தைகளும் சுகமா? நாலு மாதமாக எழுதவில்லை. ஆறு முறை எழுத ஆரம்பித்துக் கிழித்தேன்.

அந்த வாடகை அறைக்கு ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து. கண்ணை மூடினால் கடவுள் வரவில்லை அக்கா. உறைகள் வந்தன. ராசோவாவுக்கு எழுதிய நாலு வரியை உள்ளே வைத்து, ஒட்டி, முகவரி எழுத நான் இன்னொருத்தியிடம் நீட்டிய உறைகள்.

உறையில் எழுதியது அலுவலகத் தோழர் இல்லை. அவள் பெயர் சவுமு. துறைமுக வாசலில் தேங்காய்ச் சோறு விற்கிறாள். மூன்று வருடமாக அவள் வீட்டில்தான் இருக்கிறேன். அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. எனக்கும்தான். ராசோவாவைப் பற்றி அவளுக்குத் தெரியும்; தெரிந்துகொண்டுதான் முகவரியை எழுதினாள், ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருவனுக்கு ஒரு மனைவி என்று உனக்குச் சட்டம் படித்துக் கொடுத்த கடிதத்தின் உறையும் அவள் எழுதியதுதான்.

போன ஞாயிறு முழு நேரமும் உட்கார்ந்திருந்தேன். ஓடி ஒளிய எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், யாரும் என்னைத் துரத்தவும் இல்லை. நீ பயமாக இல்லை என்று எழுதினாயே, அது என்னவென்று ஒரு நொடி புரிந்தது. உடனே பழையபடி பயம் வந்துவிட்டது.

நான் பார்த்த மனிதர்களில் உன்னைவிட உண்மையானவர் கிடையாது. நீயே சொல். சவுமுவை விட்டுவிட்டு வரவா? ராசோவாவிடம் உள்ளதைச் சொல்லி இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளவா? ராசோவாவை விடுவதா? நீ எதைச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் செய்கிறேன். ராசோவாவிடம் சொல்ல வேண்டியதையும் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

உன் தம்பி
யோத்தாம்


இமுசாலி
2 டிசம்பர் 1971

என் தம்பி யோத்தாமுக்கு,

எல்லோரும் சுகம். மழை விட்டு ஈசல் கிளம்பியிருக்கிறது, பிள்ளைகள் வாயில் ஈசலும் கையில் ஈசலுமாகத் திரிகின்றன. உன் வயிறு இனிமேல் சரியாகும் என்று நினைக்கிறேன்.

முதல் உறையைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். மறுபடி கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பொய் சொல்லியிருப்பாய். கேட்காமல் விட்டது அதனால்தான். உன் கடிதத்தைப் படித்து அழுதேன், கோபத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. அந்த அறையில் முழு நேரமும் உட்கார்ந்தாயே, அதற்காகச் சந்தோஷம். எனக்கு அதற்குப் பதினான்கு வருடம் ஆனது.

என்னை உண்மையானவள் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, உனக்குப் பதிலாக உள்ளே போய்ப் பார்த்துவரச் சொல்கிறாய். மாட்டேன். பெலிசி விஷயத்தில் திமோனா எனக்குப் பதிலாக எழுதினார், என்ன ஆனது என்று பார்த்தாய். சவுமு எங்கே உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பெண் குழந்தை எங்கே, ராசோவா எங்கே என்பதை நீதான் போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இங்கே நாங்கள் உட்காருகிறோம். அதே நேரம் நீயும் அங்கே உட்கார். நான் உன்னை நினைத்துக்கொண்டிருப்பேன், அவ்வளவு செய்யலாம்.

உனக்கு எது தெரிகிறதோ, அதை எனக்கு எழுதாதே. ராசோவாவுக்கு எழுது. அவள் பெயரைப் போட்டு, உன் கோழிக் கிளறல் எழுத்திலேயே முகவரியும் எழுது. நான் படித்துக் காட்டுவேன் என்று பயப்படாதே, அதை நம்பவும் செய்யாதே. ராசோவா போன வியாழன் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, மார்ச்சில் நான் படித்துக் காட்டியது முதல், கடைசியாக வந்தது தவிர, உன் கடிதங்களை எல்லாம் பெலிசி கற்றுக்கொடுத்தபடி விரல் வைத்துத் தானே படித்தாள். எட்டு வரியைத் தேடினாள். நாலுதான் இருந்தது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கடிதங்களை மடித்துவைத்தாள்.

இனிமேல் நீ எத்தனை வரி எழுதுகிறாயோ, அவள் அத்தனை வரிதான் படிப்பாள்.

உன் அக்கா
தோரிக்கா